‘அவ்வளவு பெரிய வண்டி வந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை’

சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கும் ஒரு தாயின் கேள்வி இது. போன டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு மாயவரம் பக்கத்தில் உள்ள கணவரின் ஊருக்குப் போயிருக்கிறார். சின்ன ஸ்டேஷன். நடைபாலம் பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் இருந்ததால், ஊர்க்காரர்களைப் போலவே இவர்களும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தில் இறங்கிக் கடந்திருக்கிறார்கள். நின்றிருந்த பாசஞ்சர் வண்டி நகர்ந்து போனதும், அதன் கடைசிப் பெட்டியை ஒட்டியே 14 வயது மகன் அடுத்த தண்டவாளத்துக்குக் கால் எடுத்து வைத்திருக்கிறான். காதில் இயர்போன். அந்தத் தண்டவாளத்தில் எதிர்த் திசையிலிருந்து ஒரு எக்ஸ்பிரஸ். சித்தப்பா முதுகுப்பையைப் பிடித்து இழுத்ததால் பையன் பிழைத்தான்.

“வண்டி வந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை, அது எப்படி? அவனைப் பயமுறுத்தாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அடுத்த முறை எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?” என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, பையன் பத்திரமாக இருக்கிறான் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. நான் சிங்கப்பூரில் தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் அப்பா பழைய மலாயன் ரயில்வேயில் கேங் வேலை, அதாவது கூட்டமாகத் தண்டவாளத்தைப் பழுதுபார்க்கும் வேலை, பார்த்தவர். இரண்டு தலைமுறையாகத் தண்டவாளத்தோடு வாழ்ந்த குடும்பம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு நேராக வருகிறேன். வண்டி வந்தது உங்களுக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை. உங்கள் கண்ணும் காதும் பழுதாகவில்லை. ரயில் நம் பக்கம் நேராக வரும்போது மனிதக் கண்ணும் காதும் அப்படித்தான் ஏமாறும்.

காதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ஓடும் வண்டியின் சத்தம் நமக்கு நன்றாகக் கேட்கும். நேர் எதிரே வரும் வண்டியின் சத்தம் அவ்வளவாகக் கேட்காது. சக்கரத்தின் ஓசை பெரும்பாலும் பக்கவாட்டில்தான் பரவும், வண்டிக்கு முன்னால் அது குறைவு. அந்தக் காலத்தில் ‘தடக் தடக்’ என்று ஒரு தாளம் கேட்குமே, அது தண்டவாளத் துண்டுகளின் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கும் சத்தம். இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள், அந்தத் தாளமே போய்விட்டது. மின்சார எஞ்சினில் டீசல் உறுமலும் இல்லை. போதாததற்கு, உங்கள் பக்கத்திலேயே பாசஞ்சர் வண்டி கிளம்பிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வருகிற வண்டியின் கொஞ்சநஞ்சச் சத்தத்தையும் போகிற வண்டி விழுங்கிவிட்டது.

கண்ணும் ஏமாற்றும். பெரிய பொருள் நம்மை நோக்கி நேராக வரும்போது, உண்மையில் வரும் வேகத்தைவிட மெதுவாக வருவது போலத் தெரியும். லெவல் கிராசிங் விபத்துகளை ஆராய்ந்த லீபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1985-இலேயே இதை எழுதியிருக்கிறார். சாங்கி கடற்கரையில் நின்று விமானம் இறங்குவதைப் பாருங்கள். பெரிய விமானம் வானத்தில் மிதந்து வருவது போலவும், சின்ன விமானம் விர்ரென்று வருவது போலவும் இருக்கும். இரண்டின் வேகத்திலும் அத்தனை வித்தியாசம் இருக்காது. ரயிலிலும் இதேதான். இரண்டு தண்டவாளங்களும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வது போலத் தெரிகிறது அல்லவா, அந்தப் புள்ளியில் வண்டி முதலில் அசையாமல் நிற்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். பிறகு ஒரே நொடியில் கண் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். அந்த ஒரு நொடியில் எதுவும் செய்ய முடியாது.

இதை வைத்து உங்கள் மகனுக்கு ஒரு கணக்கு கொடுங்கள். 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் சுமார் 30 மீட்டர் கடக்கும். உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு அவனை அழைத்துப் போய், நாற்பது எட்டு எண்ணி நடக்கச் சொல்லுங்கள். அவ்வளவு தூரம்தான் ஒரு நொடி. அடுத்து, பெட்டியும் பையுமாக ஒரு பிளாட்பாரத்திலிருந்து இறங்கி, இரண்டு தண்டவாளங்களைத் தாண்டி, எதிர் பிளாட்பாரத்தில் ஏற எவ்வளவு நேரமாகும் என்று கேளுங்கள். பத்து பன்னிரண்டு நொடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 300 மீட்டருக்கு மேல் வந்துவிடும். நம் சிங்கப்பூர் நகர ரயிலான எம்ஆர்டியில் ஆறு பெட்டி ரயிலின் நீளம் 138 மீட்டர். அதைப்போல இரண்டு ரயிலை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினாலும் அந்தத் தூரத்தை எட்டாது. அவ்வளவு தள்ளி இருக்கும் வண்டியைப் பார்த்து ‘எங்கேயோ வருது’ என்றுதான் நாம் சொல்வோம். அது நாம் கடந்து முடிப்பதற்குள் நம் மேல் வந்துவிடும்.

ஓட்டுநர் பார்த்திருக்க மாட்டாரா என்று சிலர் கேட்பார்கள். பார்த்திருப்பார். ஹார்ன் அடித்திருப்பார், முழு பிரேக்கும் போட்டிருப்பார். ஆனால் எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு வெள்ளிக் காசு அளவுதான். பிடிப்பு அவ்வளவே. ஆயிரம் டன்னுக்கு மேல் எடையுள்ள எக்ஸ்பிரஸ் அந்த வேகத்திலிருந்து நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஓடவேண்டும். பேருந்து போல ஒதுங்கவும் அதற்கு வழி இல்லை. பிரேக்கைப் போட்டுவிட்டு எதுவும் செய்ய முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு பார்த்திருந்த ஓட்டுநர்களோடு பேசியிருக்கிறேன். பல வருடம் கழித்தும் அந்த முகத்தை அவர்களால் மறக்க முடியவில்லை.

இனி என் கதை. இதை உங்கள் மகனுக்கும் படித்துக் காட்டுங்கள்.

1971-இல் எனக்கு 11 வயது. புக்கிட் தீமா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அங்கே புக்கிட் தீமா சாலைக்கு மேலே ஓர் இரும்புப் பாலம் உண்டு, இன்றும் இருக்கிறது. பாலத்தில் தளம் கிடையாது. மரக்கட்டைகள், அவற்றின் மேல் தண்டவாளம், கட்டைகளுக்கு நடுவே கீழே சாலை தெரியும். அந்தப் பக்கம் இருந்த கடைக்குப் போக அதுதான் எங்களுக்குக் குறுக்கு வழி. எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று எங்களுக்கு மனப்பாடம். காலை வண்டி போய்விட்டது, அடுத்தது மத்தியானம்தான் என்று நானும் ஒரு கூட்டாளியும் பாலத்தில் ஏறினோம். பாதிப் பாலம் தாண்டியிருப்போம், காலுக்குக் கீழே கட்டை லேசாக அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் வளைவில் எஞ்சின். அது சரக்கு வண்டி. சரக்கு வண்டிக்கு அட்டவணை கிடையாது. ஓடினோம். கட்டை விட்டுக் கட்டை தாவி ஓடினோம், பாலம் முடிந்த இடத்தில் சரிவில் உருண்டு விழுந்தோம். எழுந்து திரும்பியபோது மூன்றாவது பெட்டி போய்க்கொண்டிருந்தது. கூட்டாளியின் ஒரு ஜப்பான் சிலிப்பர் பாலத்திலேயே கழன்று விழுந்துவிட்டது. அதைத் தேடிப் போகக்கூட எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

அன்று ராத்திரி அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஸ்டேஷனைத் தாண்டி, தண்டவாளத்துக்கு வெளியே இரண்டடி தள்ளி, ஜல்லியில் ஒரு மூங்கில் குச்சியை ஊன்றினார். என் நெஞ்சு உயரம் இருக்கும். “இந்தக் குச்சிதான் நீ. தண்டவாளத்துல இல்ல, ஓரமாத்தான் நிக்கிறே. இப்ப பாரு” என்றார். என்னை நன்றாகத் தள்ளி, புல்மேட்டில் உட்காரவைத்து, தோளில் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பச்சைக் கொடி அவர் மடியில் இருந்தது. வண்டி வந்தது. குச்சி ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. வண்டி போன பிறகு பார்த்தால் அடிக்கட்டை மட்டும் ஜல்லியில் நின்றது. மேல்துண்டைப் பத்துப் பதினைந்து அடி தள்ளி லாலான் புல்லுக்குள் கண்டெடுத்தோம்.

தண்டவாளத்தின் அகலம்தான் வண்டியின் அகலம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரியவர்களிலும் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டு அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீட்டர். இப்போது ஓடும் எல்ஹெச்பி என்ற புது வகைப் பெட்டியின் அகலம் 3,240 மில்லிமீட்டர். அப்படியானால் ஒவ்வொரு பக்கமும் முக்கால் மீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட இரண்டரை அடி, வண்டி வெளியே நீட்டிக்கொண்டு வரும். நம் எம்ஆர்டியிலும் அப்படித்தான்: பாதை 1,435 மில்லிமீட்டர், ரயில் சுமார் 3.2 மீட்டர் அகலம். பிளாட்பார விளிம்பில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் பையனின் பை எவ்வளவு பின்னால் துருத்திக்கொண்டிருக்கிறது என்று ஒருமுறை அளந்து பாருங்கள். பையன் கோட்டுக்கு உள்ளே இருந்தாலும் பை வெளியே இருக்கும்.

அப்பா வேலை பார்த்த கேங்கில் எப்போதும் ஒருவர் மண்வெட்டி தொடமாட்டார். கொடியும் விசிலும் மட்டும்தான் அவர் கையில் இருக்கும். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அவருடைய முழு வேலை. விவரம் தெரியாதவர் பார்த்தால் ஓர் ஆள் சும்மா நிற்கிறார் என்று தோன்றும். மண்டோர், அதாவது எங்கள் கங்காணி, அவரிடம் யாரையும் பேச்சுக்கொடுக்கக்கூட விடமாட்டார். கோயில்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரலாம். காமன்வெல்த் டிரைவில் இருக்கும் முனீஸ்வரன் கோயில், 1930களில் குவீன்ஸ்வே பக்கம் ரயில்வே தொழிலாளர்கள் வழிபட்ட சின்ன இடத்திலிருந்து வளர்ந்ததுதான். தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தில் இறங்கியவர்களுக்குக் காவல் தெய்வம் தேவைப்பட்டது. தெய்வத்தைக் கும்பிட்டார்கள், கூடவே கொடி பிடிக்க ஓர் ஆளையும் நிறுத்தினார்கள்.

இப்போது சிங்கப்பூருக்கு வருகிறேன். உங்கள் மகனின் கதையில் இந்த ஊருக்கும் பங்கு இருக்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

1987 நவம்பரில் இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரைக்கும் எம்ஆர்டி ஓட ஆரம்பித்தபோதே சுரங்க நிலையங்களில் கண்ணாடிக் கதவு இருந்தது. குளிர்சாதனக் காற்று சுரங்கத்துக்குள் போய் வீணாகக்கூடாது என்பதும் அதற்கு ஒரு பெரிய காரணம். தரைக்கு மேலே இருந்த நிலையங்களில் மஞ்சள் கோடு மட்டும்தான். அங்கே ஆட்கள் விழுந்தார்கள், இறந்தார்கள். 2011 ஏப்ரலில் அங் மோ கியோ நிலையத்தில் பதின்ம வயது மாணவி ஒருத்தி விழுந்து இரண்டு கால்களையும் இழந்தாள். அந்த நிலையத்தில் அப்போது இன்னும் கதவு பொருத்தப்படவில்லை. 2009-இல் தொடங்கி 2012-இல்தான் மேல்நிலை நிலையங்கள் எல்லாவற்றிலும் பாதி உயரக் கதவுகளைப் போட்டு முடித்தார்கள். இந்தக் கதவுகள் எத்தனை உயிர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கண் கலங்கும். அவற்றுக்கு எதிராக ஒரு சொல்கூட நான் சொல்லமாட்டேன்.

ஆனால் உங்கள் மகனைப் போல அதற்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு ரயில் என்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, கதவு திறந்ததும் ஏறும் பொருள். எந்த இடத்தில் நின்றாலும் பாதுகாப்பு. போனைப் பார்த்துக்கொண்டே விளிம்பு வரை நடக்கலாம், கதவு தடுக்கும். நாம் பயந்து பழகிய இடத்தில் அவர்கள் பயமில்லாமல் பழகியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. 2011 ஜூன் 30-ஆம் தேதி இரவோடு தஞ்சோங் பகார் ஸ்டேஷன் மூடப்பட்டது. ஜொகூர் சுல்தானே கடைசி வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். அதோடு சுவா சூ காங் சாலையிலும் கிராஞ்சியிலும் இருந்த ரயில்வே கேட்டுகளும் போயின. இப்போது அந்த 24 கிலோமீட்டர் பாதை நடைபாதை. நான் ஓடித் தப்பிய அதே பாலத்தில் கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். புக்கிட் தீமா ஸ்டேஷனில் விட்டு வைத்திருக்கும் தண்டவாளத்தில் குழந்தைகளை உட்காரவைத்து அப்பா அம்மாக்கள் படம் எடுக்கிறார்கள். அங்கே அது தவறில்லை, அந்தத் தண்டவாளத்தில் இனி வண்டி வராது. ஆனால் அந்தக் குழந்தை தன் வாழ்க்கையில் கையால் தொட்டுப் பார்த்த ஒரே தண்டவாளம் அதுதான். படம் எடுக்க உட்காரும் இடம் என்றுதான் அது மனதில் பதிகிறது. அதே குழந்தை ஊருக்குப் போய்க் கும்பகோணத்திலோ குன்னூரிலோ தண்டவாளத்தைப் பார்த்தால் என்ன செய்யும்? அந்தப் பழைய ரயில் பாதையில் நடக்க நீங்கள் போகும்போது ஒரே ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லுங்கள்: “இது ஓய்வு பெற்ற தண்டவாளம். மற்ற எல்லாத் தண்டவாளத்திலும் வண்டி வந்துகொண்டிருக்கிறது.”

நம் சிங்கப்பூரில் ஆபத்தே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். 2016 மார்ச் 22-ஆம் தேதி பாசிர் ரிஸ் நிலையத்துக்கு அருகே, பகல் வெளிச்சத்தில், பயிற்சியில் இருந்த இரண்டு இளம் ஊழியர்கள் ரயில் மோதி இறந்தார்கள். சிக்னல் கருவி ஒன்றைப் பார்க்கப் பதினைந்து பேர் ஓரப் பாதையில் வரிசையாக நடந்து போயிருக்கிறார்கள். தண்டவாளத்தில் இறங்குவதற்கு முன்னால் அந்தப் பகுதியில் ரயிலை நிறுத்திவைக்க ஏற்பாடு செய்திருக்க வேண்டும், பார்த்துச் சொல்ல ஆள் நின்றிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. வேலை தெரிந்த கூட்டத்தின் நடுவே, அதுவும் ரயில் வேலைக்கென்றே வந்த பிள்ளைகளுக்கு அப்படி நடந்தது. நானும் என் பழைய கூட்டாளிகள் பலரும் அன்று ஒருவருக்கொருவர் போன் செய்து, பேச எதுவும் இல்லாமல் வைத்துவிட்டோம்.

எனக்கே ஒருமுறை. இரவு இரண்டரை மணி இருக்கும், கடைசி ரயில் போய் மின்சாரம் நிறுத்திய பிறகு வேலை செய்துகொண்டிருந்தோம். ‘இப்போது ரயில் கிடையாது’ என்ற நினைப்பில், ஒரு ஸ்பேனரை எடுக்கப் பக்கத்துப் பாதையில் கால் வைத்தேன். பராமரிப்பு எஞ்சின் ஒன்று பின்பக்கமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. ஒரு மலாய் நண்பர் என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தார். உங்கள் மகனுக்குச் சித்தப்பா, எனக்கு அவர். பத்து வருட அனுபவம் அப்போது எனக்கு. அட்டவணையை நம்பிப் பாலத்தில் ஏறிய 11 வயதுப் பையன் செய்த அதே தவறைத்தான் மறுபடியும் செய்தேன்.

எங்கள் வேலையில் இதற்கு ‘நியர் மிஸ்’ என்று பெயர். மறைக்கவே கூடாது, அன்றே சொல்லிவிட வேண்டும். தப்பித்தவருக்கும் மாட்டிக்கொண்டவருக்கும் நடந்தது ஒன்றுதான், கடைசி ஒரு எட்டு மட்டும் வேறு. அதனால் மறுநாள் வேலை தொடங்கும் முன் எல்லாரையும் நிற்கவைத்து, எங்கே நின்றேன், என்ன நினைத்தேன், எதைப் பார்க்கவில்லை என்று சொல்லச் சொல்வார்கள். சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. உங்கள் வீட்டிலும் இதையே செய்யுங்கள். ‘நல்ல வேளை’ என்று சொல்லி மூடிவைத்துவிடாமல், நீங்களும் கணவரும் மகனும் உட்கார்ந்து, ஒரு தாளில் அந்த ஸ்டேஷனை வரைந்து, யார் எங்கே நின்றீர்கள், எந்த வண்டி எந்தப் பக்கம் போனது என்று குறித்துப் பாருங்கள். இரண்டாவது வண்டி எங்கே மறைந்திருந்தது என்று அவனே கண்டுபிடிப்பான். 14 வயதுப் பிள்ளைக்குப் பயத்தைவிட இது நன்றாக ஏறும். ‘உன் தவறு’ என்று அவனை மட்டும் குறுகவைக்காமல், ‘நாங்கள்தான் உன்னை அந்த வழியில் கூட்டிப்போனோம்’ என்பதையும் சொல்லிவிடுங்கள். அது உண்மையும்கூட.

சரி, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது.

இரண்டாவது வண்டிதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. ஒரு வண்டி போனதும் ‘வழி கிடைத்துவிட்டது’ என்று கால் தானாக நகரும். போகிற வண்டி மறைத்த இடத்தில்தான் அடுத்தது வரும். சின்ன ஸ்டேஷனில் பாசஞ்சரைப் பக்கத்துக் கிளைப் பாதையான லூப் லைனில் ஒதுக்கி நிறுத்துவதே, பெரும்பாலும் மெயின் லைனில் எக்ஸ்பிரஸை விடுவதற்காகத்தான். பாசஞ்சர் காரணமில்லாமல் நிற்கிறது என்றால் ஏதோ ஒன்று வருகிறது என்று அர்த்தம். இதைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, நடைபாலம் எத்தனை தூரத்தில் இருந்தாலும் அதில் ஏறுவது. பெட்டி கனம் என்றால் போர்ட்டருக்குக் கொடுங்கள், இரண்டு தடவையாகத் தூக்குங்கள், அந்த வண்டியை விட்டு அடுத்ததில் போங்கள். சொந்தக்காரர்கள் ‘இதுக்குப் போயி’ என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்திய ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவுப்படி தண்டவாளத்தில் அத்துமீறி நடப்பது குற்றம், ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு என்று சொன்னால் சில பெரியவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

லெவல் கிராசிங்கில் கேட் திறந்திருக்கிறது என்பதை மட்டும் நம்பி வண்டியை விடாதீர்கள். 2025 ஜூலை 8-ஆம் தேதி கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் ஒன்று கேட்டைக் கடக்கும்போது பாசஞ்சர் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கேட் கீப்பர் இருந்த கேட்தான் அது. கேட் மூடினால்தான் ரயிலுக்குச் சிக்னல் விழும் என்ற இணைப்பு அங்கே இல்லை. ஓட்டுநர் அவசரப்பட்டால் நிறுத்தச் சொல்லுங்கள், கண்ணாடியை இறக்குங்கள், பாட்டை அணையுங்கள், இரண்டு பக்கமும் பாருங்கள். கார் தண்டவாளத்தின் மேல் நின்றுவிட்டால் பொருளை எடுக்க நிற்கவே கூடாது. எல்லாரும் இறங்கி, தண்டவாளத்தை விட்டு விலகி, ரயில் வரும் திசையை நோக்கிச் சாய்வாக ஓட வேண்டும். கேட்க விநோதமாக இருக்கும். மோதிய காரின் துண்டுகள் ரயில் போகும் திசையில்தான் பறக்கும், அந்தப் பக்கம் ஓடியவர்மேல் அவையே வந்து விழும்.

படிக்கட்டில் நின்று காற்று வாங்குவது பையன்களுக்கு ஆசையாக இருக்கும். 2018 ஜூலையில் பரங்கிமலையில் புறநகர் ரயிலின் படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் சுவரில் மோதி உயிரிழந்தார்கள். வழக்கமான பாதையில் இல்லாமல் வேறு பாதையில் அன்று அந்த ரயில் போனது, தினமும் வருகிறவர்கள்கூட அந்தச் சுவரை எதிர்பார்க்கவில்லை. ஓடும் வண்டியில் ஏறுவதும் இறங்குவதும் அதே கணக்குதான். குடும்பமாக ஏறும்போது ஒரு பெரியவர் முதலில், அப்புறம் பிள்ளைகள், கடைசியில் இன்னொரு பெரியவர், பெட்டிகள் அதற்கும் பிறகு. பெட்டி போனால் போகட்டும். பிள்ளை கீழே நின்றுவிட்டால் சங்கிலியை இழுங்கள், சங்கிலி அதற்குத்தான் இருக்கிறது. உதவிக்கு 139 என்ற எண்ணை எல்லார் போனிலும் பதிந்துவையுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சுத்தமாகத் தெரியாது. தமிழ்நாட்டில் தண்டவாளத்துக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். தொடத் தேவையில்லை, கிட்டே போனாலே தாவிப் பிடிக்கும். நிற்கும் சரக்கு வண்டியின் மேல் ஏறிப் படம் எடுத்த பையன்கள் அப்படித்தான் கருகினார்கள். குறைந்தது இரண்டு மீட்டர் விலகியிருக்க வேண்டும், செல்ஃபி கம்பும் அந்தக் கணக்கில் சேரும். இங்கே கிழக்கு மேற்கு, வடக்கு தெற்குப் பாதைகளில் மின்சாரம் மேலே இல்லை, தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே தரையோரமாக ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் இருக்கிறது. ரயில் நடுவழியில் நின்றால், எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும், ஊழியர்கள் சொல்லும் வரை யாரும் இறங்கக்கூடாது என்பது அதனால்தான். செங்காங்கில் குடியிருப்புகளுக்கு நடுவே ஓடும் குட்டி ரயிலான எல்ஆர்டி நிலையங்களில் தடுப்பு மட்டும் இருக்கும், ரயில் கதவு நிற்கும் இடங்களில் திறப்பு இருக்கும், மூடும் கதவு கிடையாது. அங்கே போன் கீழே விழுந்தால் எட்டி எடுக்கப் பார்க்காமல் நிலைய ஊழியரைக் கூப்பிட வேண்டும். யாராவது விழுந்துவிட்டாலும் கூடவே குதிக்காமல், பிளாட்பாரத்தில் இருக்கும் சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தானை உடனே அழுத்த வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று நாளைக்கே மகனைத் தேடிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் தினமும் அதைக் கடந்துதான் போகிறீர்கள்.

இயர்போனைப் பற்றிச் சண்டை போடாதீர்கள். ‘ஸ்டேஷன் வாசலில் கழற்று, சீட்டில் உட்கார்ந்ததும் போட்டுக்கொள்’ என்று ஒரே விதி போதும், பெரியவர்களுக்கும் சேர்த்து. ரயில் வருகிறபோது விளிம்பிலிருந்து பின்வாங்கித் தூணுக்குப் பக்கத்தில் நிற்பதையும் அவனே பழகிக்கொள்வான்.

கடைசியாக ஒன்று. அந்தச் சித்தப்பாவுக்கு மகனையே போன் செய்யச் சொல்லுங்கள். நன்றி சொல்வதற்காக மட்டும் இல்லை. நீங்கள் யாருமே கவனிக்காத வண்டியை அவர் எப்படிக் கவனித்தார் என்று கேட்கச் சொல்லுங்கள். சிக்னல் விழுந்ததைப் பார்த்திருக்கலாம், ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியோடு வெளியே வந்து நின்றதைப் பார்த்திருக்கலாம், எதிர் பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் பின்னால் நகர்ந்ததைப் பார்த்திருக்கலாம். அந்த ஊரில் தண்டவாளத்தோடு வளர்ந்தவர் அவர். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.